அணங்கும் இழவும்: ஒரு கொரியத் திரைப்படத்தில் உடன்பிறப்புத் துயரம்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களுள் அணங்கை ஒன்றாகவும், அழுகைக்குரியவற்றுள் இழவை ஒன்றாகவும் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். இவை வெவ்வேறு மெய்ப்பாடுகள். ஆயினும், முதலில் அச்சமாகத் தோன்றிய ஒன்று பின்னர் அழுகையாக மாறிக் காண்போர் நெஞ்சில் நிற்றலும் உண்டு. அம்மாற்றம் நிகழுமாற்றைக் கிம் ஜீ-வூன் இயக்கி 2003-இல் வெளிவந்த ‘ஜாங்ஹ்வா, ஹோங்ரியான்’ என்னும் கொரியத் திரைப்படத்தின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் பெயர், சோசோன் மரபினர் ஆட்சிக்காலத்துப் பழங்கதை ஒன்றன் பெயரே. ஜாங்ஹ்வா தமக்கை, ஹோங்ரியான் தங்கை. தாயை இழந்த அவ்விருவரையும் மாற்றாந்தாய் வெறுக்கின்றாள். தோலுரித்த எலியைத் தமக்கையின் படுக்கையிலிட்டு, அவள் கருச்சிதைவுற்றாள் எனப் பழி சுமத்துகின்றாள். தமக்கை நீரில் மூழ்கி இறக்குமாறு செய்யப்படுகின்றாள். தங்கையும் அந்நீரிலேயே வீழ்ந்து மாய்கின்றாள். இருவரும் ஆவியாய் வந்து முறையிட, ஊராளும் அதிகாரிகள் அச்சத்தால் ஒருவர்பின் ஒருவராய் இறக்கின்றனர். அஞ்சாது செவிசாய்த்த ஒருவர் உண்மையை ஆராய்ந்து, மாற்றாந்தாய்க்குக் கொலைத்தண்டம் வழங்குகின்றார். ஆகவே, இக்கதையில் அணங்கு என்பது கேட்பாரற்ற முறையீடே எனலாம். கேட்பார் கிடைத்ததும் துயர் தீர்கின்றது.

திரைப்படத்தில் அத்தகைய நடுவர் இல்லை. மனநோய் மருத்துவமனையிலிருந்து மீண்ட சூமி என்னும் பெண், தன் தங்கை சூயானை மாற்றாந்தாயின் கொடுமையினின்று காக்கப் போராடுகின்றாள். இருண்ட வீடும், உடைப்பேழையும், நள்ளிரவில் எழும் ஓசையும் நம்மை அஞ்சுவிக்கின்றன. படத்தின் பிற்பகுதியில், சூயான் இறந்துவிட்டாள் என்று தந்தை கூறுகின்றார். அவர் அதுவரை தம் இளைய மகளிடம் ஒரு சொல்லும் பேசாமை அப்போதுதான் நமக்குப் புலனாகின்றது. தங்கை மட்டுமன்றி, அவ்வீட்டில் நாம் கண்ட கொடிய மாற்றாந்தாயும் சூமியின் உள்ளம் படைத்தவளே.

இப்படைப்பின் காரணத்தை இறுதிக்காட்சி உணர்த்துகின்றது. தாய் உடைப்பேழைக்குள் தூக்கிட்டு இறந்து கிடக்கின்றாள். அவளை இழுத்த சூயான்மேல் பேழை சாய்ந்து விழுகின்றது. அதனைக் கண்டும் விலகிய மாற்றாந்தாய், மனம் தடுமாறி நிற்கையில் சூமி எதிர்ப்படுகின்றாள். இருவரும் சினந்து மொழிகின்றனர். மேலே தங்கை உயிருக்குப் போராடுவதை அறியாத சூமி வீட்டைவிட்டு வெளியேறுகின்றாள். அவள் குற்றம் செய்தாளல்லள்; ஆயினும் அவள் நெஞ்சம் அவளை விடுவிக்கவில்லை. தங்கையை உயிர்ப்பித்துக் காப்பவளும் அவளே. மாற்றாந்தாயாய் நின்று ஒறுப்பவளும் அவளே. முறையிடுவோரும் முறை வழங்குவோரும் ஒருவராயின் வழக்கு முடிவதெங்ஙனம்?

உண்மையான மாற்றாந்தாயை ஆவி தாக்கும் காட்சியும் படத்தில் உண்டாதலின், பழங்கதையின் நீதி இங்கும் நிலைபெற்றது என்று சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. அப்பழிவாங்கலுக்குப் பின்னரும் சூமி மருத்துவமனையில்தான் இருக்கின்றாள். அவள் துயர் அணுவளவும் குறையவில்லை.

எனவே, படம் முடிந்தபின் முன்னர் அஞ்சிய காட்சிகளை எண்ணிப் பார்ப்பவர்க்கு அவற்றில் அச்சம் எஞ்சுவதில்லை. தங்கையின் கையை விடாது பற்றியிருந்த தமக்கை, வெறுங்காற்றைப் பற்றியிருந்தாள் என்பதே நினைவில் நிற்கின்றது. அணங்கு இழவின் மறுவடிவம் என்பதை இப்படம் இவ்வாறு உணர்த்துகின்றது.