தரப்புள்ளி சொல்லாத முன்னேற்றம்

ஈராண்டுகளாக இணையவழிச் சதுரங்கத்தில் 1,100 புள்ளிகளைத் தாண்ட முடியவில்லை; இனி ஆடுவதில் பொருளில்லை என்று என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் வருந்தினார். வங்கி அலுவலர், நாற்பதைக் கடந்தவர். பட்டமோ பரிசோ நாடாமல் கைப்பேசியில் ஆடும் எண்ணற்றோரில் ஒருவர். அவருடைய ஐம்பது ஆட்டங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நிலைமை அவர் எண்ணும் அளவுக்கு மோசமில்லை.

முதலில் அந்த எண்ணின் பொருளை அறிய வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த அர்பாத் எலோ வகுத்த கணக்குமுறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றது. அதன் வழிவந்த கிளிக்கோ முறைகளையே முன்னணி இணையதளங்கள் கையாளுகின்றன. இவை ஆற்றலை நேராக அளப்பவை அல்ல; உடன் ஆடுவோரிடையே ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் சொல்பவை. எல்லோருடைய வருமானமும் இரட்டிப்பானால், வரிசையில் எவர் இடமும் மாறுவதில்லை. எல்லோரும் ஒருசேரக் கற்றுத் தேறும்போதும் அப்படித்தான்: எண் நிற்கும், ஆட்டம் உயர்ந்திருக்கும்.

மேலும், இணையதளம் நமக்கு நிகரானவரையே எதிரில் அமர்த்துகிறது. எனவே ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோற்பது அந்த ஏற்பாட்டின் இயல்பே தவிர, ஆடுபவரின் குறையன்று.

ஆனால், மாணவரின் ஆட்டப்போக்கில் குறையில்லாமலும் இல்லை. அவர் தாக்குதல் பிரியர். ராணியையும் மந்திரியையும் விரைந்து வெளியே கொணர்ந்து, ராஜாவைத் தவிர வேறு காவலில்லாத சிப்பாயைக் குறிவைத்து, நான்கே நகர்த்தல்களில் ஆட்டத்தை முடிக்கப் பார்ப்பார். புதியவர்கள் இதில் வீழ்வார்கள். சற்றே தேர்ந்தவரோ குதிரையை வெளிக்கொணர்ந்தபடியே ராணியை விரட்டுவார். ஒவ்வொரு விரட்டலும் எதிராளிக்கு ஒரு நகர்த்தல் ஆதாயம். எதிராளியின் பிழையை நம்பிப் பெற்ற வெற்றிகள் அவரை 1,100 வரை கொண்டுவந்தன. அதற்கு மேல் அந்தப் பிழைகள் மலிவாகக் கிடைப்பதில்லை.

இறுதிக்கட்டம் இன்னும் பலவீனம். ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும் எஞ்சிய நிலையில் சிப்பாயை அவசரமாக முன்னே தள்ளிவிடுகிறார். பெரும்பாலும் ராஜா முன்னே சென்று வழியைத் திறக்க, சிப்பாய் பின்தொடர வேண்டும். இதை அறியாததால், வெல்ல வேண்டிய மூன்று ஆட்டங்களைச் சமனில் விட்டிருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் அறிவுக்குறைவு என்று நான் கருதவில்லை. அவர் ஆடியவற்றில் பெரும்பாலானவை மூன்று நிமிட ஆட்டங்கள். 1978-இல் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், வில்லியம் சேஸுடன் இணைந்து 1973-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. உண்மையான ஆட்டத்தின் காய்நிலையைச் சில நொடிகள் காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் அதைப் பெருமளவு திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்தால் அவருடைய மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அவரிடம் இருப்பது அசாதாரண நினைவாற்றலன்று. பழகிய அமைப்புகளின் சேமிப்பு. (பொருளாதார அறிஞர்களுள் எத்தனை பேர் சதுரங்கப் பலகையை இவ்வளவு கருத்தோடு பார்த்திருப்பார்கள்!) கடிகாரம் விரட்டும் ஆட்டத்தில் அந்தச் சேமிப்புக்கு நேரமேது?

நாளொன்றுக்குப் பதினைந்து ஆட்டங்களுக்குப் பதில், அரைமணி நேர ஆட்டம் ஒன்று போதும் என்றேன். தோற்றால், கணினியிடம் விடை கேட்கும் முன், எந்த நகர்த்தலில் நிலை சரிந்தது என்று தாமே தேட வேண்டும். அரைமனதோடு ஒப்புக்கொண்டார், இரவில் மூன்று நிமிட ஆட்டத்தை அவர் முற்றிலும் விட்டபாடில்லை.

நான்கு மாதங்களில் 60 புள்ளிகள் கூடின. இவ்வளவுதானா என்று கேட்டார். எலோவின் சூத்திரப்படி கணக்கிட்டுக் காட்டினேன்: இன்றைய அவர், நான்கு மாதங்களுக்கு முந்தைய தம்மோடு நூறு ஆட்டங்கள் ஆடினால், ஏறத்தாழ 58 புள்ளிகள் பெறுவார்.