நாயகி ‘வேண்டாம்’ என்றால் கதையில் என்ன நடக்கிறது? காதல், மாயக் கதைகள் பற்றி ஒரு வாசகியின் வெளிப்படையான கருத்து

‘காதல் கதையா? அதெல்லாம் பொழுதுபோக்கு.’ நாவல் படிப்பதாகச் சொன்னால் நம்மிடையே அடிக்கடி கிடைக்கும் பதில் இதுதான். நூல் வெளியீட்டு விழாவுக்குப் போனாலோ நிலைமை நேர்மாறு. மேடை ஏறும் எல்லாரும் நூலைப் புகழ்கிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள், முதல் நூலைப் பெறுகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஒரு நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, ‘இது பிடித்தது, இது பிடிக்கவில்லை, இந்த இடத்தில் மூடி வைத்துவிட்டேன்’ என்று சொல்பவரைக் காண்பது அரிது.

ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கம் செய்தி சேகரிக்கப் போகும்போது, ‘இப்போது என்ன படிக்கிறீர்கள்?’ என்று கேட்பது என் பழக்கம். பெண்களில் பலர் சற்றுக் கூச்சத்துடன் கைப்பேசியைக் காட்டுவார்கள். அதில் ஒரு தமிழ்க் காதல் தொடர்கதை இருக்கும். படிவம் நான்கு, ஐந்து மாணவிகளிடம் கேட்டால் டிராகன், தேவதை, இளவரசன் வரும் ஆங்கில நாவல்களின் பெயர்கள் வரும். நம் சமூகத்தில் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். இவர்கள் படிப்பதைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

நானும் அந்த வாசகிகளில் ஒருத்தி. படித்தவற்றைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல முயல்கிறேன்.

அம்மாவின் அலமாரி

எங்கள் வீட்டில் காதல் நாவல் என்றால் ரமணிசந்திரன்தான். அம்மா தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றி வருமாம். திரும்பி வரும்போது அட்டை இருக்காது. தாமான் வீட்டுக்கு மாறியபோது பழைய பாத்திரங்களை விட்டுவிட்டு வந்த அம்மா, அந்தப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்து வந்தார்.

நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் ரமணிசந்திரன். அவர் கதைகளுக்குப் பெரும்பாலும் ஒரே அச்சுதான். பணக்கார நாயகன், தன்மானமுள்ள நாயகி, நடுவில் ஒரு தவறான புரிதல், கடைசியில் கல்யாணம். பதினைந்து வயதில் ஒரே வாரத்தில் நான்கு நாவல்களை முடித்தேன். தமிழை இடறாமல் படிக்கும் வேகம் எனக்குப் பாடநூலில் வரவில்லை, இவற்றில்தான் வந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

அதே நாவல்களை அண்மையில் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். நடை இன்னும் இழுத்துப் போகிறது. ஆனால் நாயகியை நாயகன் சந்தேகிப்பதும் சுடுசொல் பேசுவதும் பக்கம் பக்கமாக வருகின்றன. கடைசி அத்தியாயத்தில் அவன் ஒருமுறை வருத்தம் தெரிவித்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. பதினைந்து வயதில் இது எனக்கு உறுத்தவே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். “கதைதானே பாப்பா, நிஜத்துல எவன் வந்து மன்னிப்புக் கேட்டான்? அதுக்காகத்தான் படிச்சோம்” என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு இந்த நாவல்களை நான் கேலி செய்வதில்லை. நிஜத்தில் கிடைக்காத ஒரு மன்னிப்பைக் கதையில் தேடி எத்தனை பேர் படித்திருப்பார்கள்!

தொல்காப்பியம் பிரித்துவைத்த காதல்

காதல் நாவலுக்கு உலகெங்கும் இரண்டு விதிகள் உண்டு. காதலே மையக் கதையாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவு தர வேண்டும். துப்பறியும் நாவலில் குற்றவாளி பிடிபடுவது போல இதில் இருவரும் சேர்வது உறுதி. எப்படிச் சேர்கிறார்கள் என்பதை அறியத்தான் படிக்கிறோம்.

அந்த ‘எப்படி’யைப் பற்றித் தமிழ் இலக்கணம் எப்போதோ யோசித்திருக்கிறது. அகத்திணை ஏழு என்கிறது தொல்காப்பியம். ஒத்த அன்புள்ள இருவரின் காதல் நடுவிலுள்ள ஐந்திணை. ஒருவருக்கு மட்டும் விருப்பம் இருந்தால் அது கைக்கிளை. பொருந்தாத காதல் பெருந்திணை. ஆசை மிகுந்து வன்மையாக மாறுவதும் பெருந்திணையில்தான் சேரும். அப்படிப்பட்டவையும் உலகில் உண்டு, பாடலாம், ஆனால் அவற்றை அன்பின் ஐந்திணையோடு கலக்கக் கூடாது என்பதே இந்தப் பிரிவின் பொருள். பல்கலைக்கழகத்தில் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தேன். இது எனக்கு உண்மையில் பயன்பட்டது இன்றைய தொடர்கதைகளைப் படிக்கும்போதுதான்.

இன்று 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் தமிழ்க் காதல் கதைகள் தினமும் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. எழுதுபவர்களில் இல்லத்தரசிகள் உண்டு, வேலைக்குப் போகும் பெண்கள் உண்டு. பெரிய பதிப்பகம் எதையும் நம்பாமல் பெண்கள் எழுதி, பெண்கள் படிக்கும் உலகம் இது. நல்ல கதைகளும் இருக்கின்றன. வேலையிட வாழ்க்கை, மறுமணம், மாமியாரின் தனிமை என்று அச்சு நாவல்கள் அதிகம் தொடாத இடங்களைத் தொடுகிறார்கள்.

ஆனால் ‘ஆன்டி ஹீரோ’ கதை என்று ஒரு வகை உண்டு. நாயகன் நாயகியைக் கடத்துவான், மிரட்டித் தாலி கட்டுவான், அறைவான். அவள் ‘வேண்டாம்’ என்பாள். அந்தச் சொல் எந்த வேலையும் செய்யாது. நாற்பதாவது அத்தியாயத்தில் அவனுடைய இளமைக்காலச் சோகம் ஒன்று வெளிவரும். அவள் அழுதபடி அவனை அணைத்துக்கொள்வாள். இப்படி மூன்று கதைகளை முழுதாகப் படித்தேன். நான்காவதை ஏழாம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டேன். பெருந்திணையை ஐந்திணை என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள் என்பதே என் கருத்து.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஃபவ்சியா அஷாரி எழுதி 2002-இல் வெளிவந்த ‘ஓம்பாக் ரிண்டு’ மலாய் நாவல் 2011-இல் திரைப்படமாகி மிகப் பிரபலமானது. அதில் நாயகி தன்னைக் கெடுத்தவனுக்கே இரகசிய மனைவியாகி அவனையே நேசிக்கிறாள். அவள் படும் துயரம் உண்மையாகவே நெஞ்சைத் தொட்டது. ஆனால் அந்தத் துயரத்துக்குக் காரணமானவனே பரிசாகவும் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘கதைதானே’ என்று அம்மா சொன்னது அவர் வயதில் சரி. அவர் வாழ்ந்து பார்த்துவிட்டுப் படித்தார். பதினைந்து வயது மாணவி வாழ்வதற்கு முன் படிக்கிறாள். பின்தொடர்ந்து தொந்தரவு செய்வது 2023 முதல் நம் நாட்டில் தனிக் குற்றம். குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அதே செயல் கதையில் ‘அவள்மேல் அவனுக்கு எவ்வளவு பைத்தியம்’ என்று வருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மாணவிக்கு யாராவது சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பிடுங்கி வைத்தால் சொன்னதாகாது.

டிராகனும் ஆவியும்

மாணவிகள் சொன்ன ஆங்கில நாவல்களில் ரெபெக்கா யாரோஸ் எழுதிய ‘ஃபோர்த் விங்’ (2023) ஒன்று. காதலும் மிகுபுனைவும் கலந்த இந்த வகைக்கு ‘ரொமான்டசி’ என்று பெயர். டிராகன் ஓட்டும் போர்க் கல்லூரிக்குத் தாயின் கட்டளையால் அனுப்பப்படுகிறாள் வயலட். எளிதில் காயப்படும் உடல் அவளுக்கு. அந்த உடம்போடு அவள் தனக்கென ஒரு வழி கண்டுபிடிப்பது எனக்கு மிகவும் பிடித்தது. இரவு இரண்டு மணிவரை படித்தேன். நாயகனின் அழகைத் திரும்பத் திரும்ப வருணிக்கும் பக்கங்களைத் தாண்டிப் போனேன். பெற்றோருக்கு ஒரு சொல்: இது பெரியவர்களுக்கான நாவல். அட்டையில் டிராகன் இருப்பதால் சிறுவர் கதை என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் ஊருக்கே நெருக்கமானது யாங்ஸி சூ எழுதிய ‘தி கோஸ்ட் பிரைட்’ (2013). கதை 1893-இல் மலாக்காவில் நடக்கிறது. நொடித்துப்போன குடும்பத்துப் பெண் லி லானை, இறந்துபோன ஒரு பணக்கார இளைஞனுக்கு மணமுடிக்கக் கேட்கிறார்கள். அவள் மறுக்கிறாள். ஆவியாக வந்தும் அவன் விடுவதாயில்லை. அவள் உடலைவிட்டு ஆவியுலகுக்குப் போய், அவன் பிடியிலிருந்து தப்பிக்கப் போராடுகிறாள். 2020-இல் இது நெட்ஃபிலிக்ஸ் தொடராகவும் வந்தது.

இறந்தோருக்காக எரிக்கும் காகிதப் பொருள்கள் மறுவுலகில் உண்மைப் பொருள்களாகிவிடும் என்ற நம்பிக்கையை வைத்து ஒரு முழு உலகத்தையே கட்டியிருக்கிறார் ஆசிரியர். நாம் தினமும் கடந்து போகும் ஊர் வேறாகத் தெரிந்தது. நடுப்பகுதி இழுவை, ஆவியுலக அலைச்சலில் கதை எங்கே போகிறது என்பதே சில இடங்களில் மறந்துபோனது. ஆனால் அவளுடைய ‘வேண்டாம்’தான் கதையையே நகர்த்துகிறது. அதனால் கடைசிவரை படித்தேன்.

படித்து முடித்ததும் ஒரு ஏக்கம் வந்தது. நம் மாயக் கதை எங்கே? சாண்டில்யனின் ‘கடல் புறா’ நாயகன் கடாரத்து இளவரசி காஞ்சனா தேவியைக் காதலித்தான். இன்றைய கெடாதான் அந்தக் கடாரம். ஆனால் அது தமிழகத்தில் இருந்து எழுதப்பட்ட மலாயா. மலாக்கா தோட்டத்து முனியாண்டி கோயிலும், செம்பனைக்குள் மறைந்துபோன லயமும், ஒரு தமிழ்ப் பெண்ணும் வரும் மாயக் காதல் நாவல் ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. படிக்க ஆசை.

குனோங் லேடாங் சொல்லும் பாடம்

கருப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. 1612-இல் துன் ஸ்ரீ லானாங் தொகுத்ததாகச் சொல்லப்படும் ‘செஜாரா மெலாயு’வில், கலிங்க மன்னன் ராஜா சூரான் கண்ணாடிப் பேழையில் கடலடிக்கு இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். அவனை இராஜேந்திர சோழனோடு தொடர்புபடுத்துவோர் உண்டு.

அதே நூலில்தான் புத்ரி குனோங் லேடாங் கதையும் இருக்கிறது. ஜாசின், அசஹான் பக்கம் நின்றால் தெரியும் அதே 1,276 மீட்டர் மலை. பள்ளியில் நாம் எல்லாரும் கேட்ட கதை. மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். அவள் ஏழு நிபந்தனைகள் விதிக்கிறாள். மலையிலிருந்து மலாக்காவரை தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டுக் கொசு இதயம் என்று போகும் பட்டியல், கடைசியில் சுல்தானின் மகனுடைய இரத்தத்தில் முடிகிறது. சுல்தான் அங்கே நிறுத்திக்கொள்கிறார்.

நேரடியாக மறுக்க முடியாத ஒரு பெண், அரசனிடம் ‘வேண்டாம்’ என்று சொன்ன விதம் அது. அவர் அதைப் புரிந்துகொண்டார், மலையேறி வரவில்லை. நானூறு ஆண்டுக்கு முந்தைய நூலில் அரசனே கேட்ட சொல்லை, இன்று கைப்பேசியில் வரும் நாயகன் ஏன் கேட்பதில்லை?

எப்படிப் பேசலாம்?

ஒரு நாவலைப் படித்தபின் மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் என்னால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை? எந்த இடத்தில் வைத்துவிட்டேன்? நாயகி மறுத்தபோது கதை அவளுக்கு என்ன செய்தது? மாயக் கதையாக இருந்தால் நான்காவதாக ஒன்று: அந்த மாயத்துக்கு யாராவது விலை கொடுத்தார்களா, அல்லது ஆசிரியருக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் அது இலவசமாக வந்ததா?

இந்தக் கேள்விகளை இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் கேட்கலாம். கோயில் மண்டபத்தில் கூடும் மகளிர் பிரிவில் கேட்கலாம். மகள் படிக்கும் நாவலை வாங்கி ஒரு வாரம் படித்துவிட்டு அம்மாவும் கேட்கலாம். எழுத்தாளருக்கும் இதனால் இழப்பில்லை. பொன்னாடையைவிட, தன் நாவலைக் கடைசிவரை படித்த ஒருவரின் பதில் அவருக்குக் கூடுதலாக உதவும்.

என் அம்மாவிடம் ‘தி கோஸ்ட் பிரைட்’ கதையைத் தமிழில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “செத்தவனுக்குப் பயந்தா உயிரோட இருக்கறவன்கிட்ட எப்படி வாழறது? அவ சொன்னது சரிதான்” என்றார். அம்மா சொன்ன முதல் நூல் விமர்சனம் அது.