கிராஃபைப் பார்த்து மிருதங்கத்தை வெட்டலாமா? - திருவானைக்காவல் சி.வி.ராமனின் ஆய்வு சொல்லும் பாடம்

ஸ்ரீரங்கத்தில் நடக்கும் ஒரு கச்சேரியை செல்போனில் பதிவு செய்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து கேட்டால் ஏதோ மந்தமாக இருக்கிறது. எடிட்டிங் ஆப்பைத் திறந்தால், 'ஸ்பெக்ட்ரம் அனலைசர்' திரையில் மலைத்தொடர் போல கோடுகள் ஏறி இறங்குகின்றன. துருத்திக்கொண்டு தெரியும் சிகரங்களை எல்லாம் ஈக்வலைசரில் குறைத்துவிட்டால் ஒலி சரியாகிவிடுமா?

ஆகாது. மிருதங்கத்தின் உயிரே போய்விடலாம். ஏன் என்று தெரிந்துகொள்ள, ஸ்ரீரங்கத்தை ஒட்டியிருக்கும் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி.ராமனிடம் போக வேண்டும்.

கறுப்பு வட்டத்தின் ரகசியம்

ராமன் நோபல் பரிசு பெற்றது ஒளி ஆய்வுக்காக, 1930-ல். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அவர் மிருதங்கத்தை ஆராய்ந்திருந்தார். 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் அதைப் பற்றி எழுதினார்.

எந்த வாத்தியத்திலும் ஒரு தட்டில் பல அதிர்வுகள் எழும். சாதாரண தோல் கருவியில் முதல் அதிர்வு 150 ஹெர்ட்ஸ் என்றால், அடுத்தவை சுமார் 239, 320 என ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் அதில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் 'கரணை' என்ற கறுப்பு வட்டம் இதை மாற்றுகிறது. 150, 300, 450, 600 என அதிர்வுகள் ஏறக்குறைய சம படிகளில் அமைகின்றன. மிருதங்கம் சுருதியோடு சேர்வது இதனால்தான். கணினி இல்லாத காலத்தில், தோல் மீது மெல்லிய மணலைத் தூவி, அதிர்வில் அது எப்படி ஒதுங்குகிறது என்று பார்த்தே ராமன் இதையெல்லாம் விளக்கினார்.

ஆக, திரையில் சம இடைவெளியில் எழும் அந்தச் சிகரங்கள் பிழையல்ல. அவைதான் மிருதங்கம்!

அப்படியானால் அனலைசர் எதற்கு?

காது ஏமாறும் இடங்களில்தான் அது கைகொடுக்கும்.

முதலில், பாட்டு தொடங்கும் முன் இருக்கும் அமைதியான சில நொடிகளை ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் 50, 100 ஹெர்ட்ஸில் மெல்லிய கோடுகள் அசையாமல் நின்றால், அது பெரும்பாலும் மின்சார இரைச்சல். அந்த இடத்தை மட்டும் குறுகலாகக் குறைக்கலாம். அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டினால், இடந்தலையின் 'கும்கி'யும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது, செல்போன் ஸ்பீக்கர். அதில் அடித்தள ஒலிகள் சரியாகக் கேட்காது. 'பேஸ் குறைவு' என்று நினைத்து ஏற்றிவிடுவோம். பெரிய ஸ்பீக்கரில் போட்டால் பந்தலே அதிரும். அந்த இடத்தில் ஏற்கெனவே எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதை கிராஃப் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, மாற்றத்துக்கு முன், பின் இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து, கண்ணை மூடிக் கேளுங்கள். சத்தம் கூடினாலே 'நன்றாக இருக்கிறது' என்று காது ஏமாந்துவிடும்.

எங்கே கேட்க வேண்டும் என்பதை கிராஃப் சொல்லும். எதை வெட்ட வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு வெட்டி, ஒரிஜினலையும் அழித்துவிட்டால், அந்தச் சாயங்காலத்து மிருதங்கம் திரும்ப வராது!