புதுப் பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

ஒர்க் ஷாப்பில் புது பேட், புது ஷூ எல்லாம் மாற்றிச் சனிக்கிழமை சாயங்காலம் கார் வீட்டுக்கு வருகிறது. ஞாயிறு காலை குடும்பத்தோடு முக்கொம்புக்குக் கிளம்பினால், கரூர் சாலையில் முன்னே போன பஸ் நிற்கும்போதுதான் தெரிகிறது: மாற்றுவதற்கு முன் பிடித்த அளவுக்குக்கூட இப்போது பிரேக் பிடிக்கவில்லை. பணமும் கொடுத்து, பழையதைவிட மோசமான பிரேக்கா என்று கோபம் வருவது நியாயமே. ஆனால் மெக்கானிக்கைக் குறை சொல்லும் முன், பிரேக் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

1,500 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 370 கிலோஜூல். ஒன்றேகால் லிட்டர் காவிரித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காரை நிறுத்துவது என்றால், இவ்வளவு ஆற்றலையும் நான்கைந்து நொடிகளில் வெப்பமாக்கிக் காற்றில் விடுவது. அந்த வெப்பம் பிறக்கும் இடம், உள்ளங்கையளவு பேட்கள் டிஸ்க்கைத் தொடும் பரப்பு.

புது பேட் தட்டையாக இருக்கும். பழைய டிஸ்க்கிலோ கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். மேடான இடங்களில் மட்டுமே இரண்டும் தொடும். டிரம் பிரேக்கில் இது இன்னும் மோசம். தேய்ந்து தேய்ந்து டிரம்மின் விட்டம் பெருகியிருக்க, புது ஷூவின் வளைவு பழைய அளவிலேயே இருக்கும். அதனால் ஷூவின் நடுப்பகுதிதான் முதலில் படும். உராய்வு பரப்பைச் சார்ந்ததல்ல என்று பள்ளியில் படித்தோமே என்று கேட்கலாம். படித்தது சரிதான், வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காதவரை. மொத்த வெப்பமும் சிறு திட்டுகளில் குவியும்போது, பேட், ஷூ இவற்றின் உராயும் பகுதியான லைனிங்கைக் கட்டிப்பிடித்திருக்கும் பிசின் சிதைந்து வாயு கிளம்பும், பிடிப்பு திடீரென விழும். ஒருமுறைகூடச் சூடேறாத புது லைனிங்கில் இது அதிகம்.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இதற்கு அடுத்த கட்டம். பல வகை பேட்களில், பழகப் பழக, பேட்டின் பொருள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு பேட் உரசுவது வெறும் இரும்பின் மேலல்ல, தன் பொருளின் மேலேயே. நல்ல பிடிப்பு இந்தப் படலத்திலிருந்துதான் வருகிறது. அதைக் கடையில் வாங்க முடியாது, ஓட்டித்தான் உண்டாக்க வேண்டும். கூட்டமில்லாத சாலையில் 50, 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகப் பிரேக் அழுத்தி, சற்று ஓடவிட்டு ஆறவைத்து, இப்படிப் பலமுறை செய்வது வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை கொஞ்சம் மாறும். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடியே நிறுத்தி வைத்தால் படலம் ஓரிடத்தில் திட்டாக ஒட்டி, பிறகு பெடல் அதிரும்.

ஆனால் இதுவரை சொன்னது பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காத கதை. லைனிங்கில் கிரீஸோ ஆயிலோ பட்டிருந்தாலும், பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் குழாய் கழன்றிருந்தாலும் இதே போலத்தான் இருக்கும். அவை ஓட்டிப் பழக்கிச் சரியாகிறவை அல்ல.

பெடல் பஞ்சுபோல அமுங்கினால் விஷயமே வேறு: பிரேக் ஆயில் குழாய்க்குள் காற்று. பலமாக மிதிக்கும்போது உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஐம்பது மடங்கைத் தாண்டும். அப்போது காற்றுக் குமிழி ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்; பிரேக் ஆயில் நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. ஒரு மிதிக்கு மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலே ஓரிரு தேக்கரண்டிதான். சிறு குமிழி ஒன்றே அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும். இரண்டு மூன்று முறை மிதித்தால் பெடல் மேலே வருகிறதா? ஏர் எடுக்க வேண்டும், அல்லது டிரம்மில் ஷூ இடைவெளி சரியாக வைக்கப்படவில்லை. ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் அதன் யூனிட்டுக்குள்ளும் காற்று தங்கும்; அதை வெளியேற்றத் தனிக் கருவி வேண்டும். இந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. காற்றே இல்லாவிட்டாலும், பேட் மாற்றும்போது பிஸ்டன்களைப் பின்னே தள்ளியிருப்பார்கள் என்பதால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகலாம். வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட வேண்டும்.

காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்புவரை சாலை சமதளம். பழகாத பிரேக்குக்கு அது இரக்கம் காட்டும், குறையை மறைக்கவும் செய்யும். அதை நம்பி அடுத்த வாரமே கொல்லிமலைக்குப் போனால் இறக்கத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பேட் மட்டுமல்ல, ஆயிலும் சோதிக்கப்படும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். பேட்டை மாற்றிவிட்டுப் பழைய ஆயிலை அப்படியே விட்டிருந்தால், மலை இறங்கும்போது அது கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும், காலையில் கெட்டியாக இருந்த பெடல் அடியோடு அமுங்கும். பேட் மாற்றும் நாளில் ஆயில் எப்போது மாற்றியது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பல நிறுவனங்கள் சொல்லும் கெடு இரண்டு ஆண்டு.