பளு தூக்கும்போது கடிகாரம் காட்டும் கலோரி சரியானதா?

பளுப் பயிற்சியில் எவ்வளவு கலோரி எரிந்தது என்பதைக் கைக்கடிகாரத்தில் பார்த்து, அதற்கேற்பச் சோற்றைக் கூட்டுபவர்களும் குறைப்பவர்களும் இன்று பலர். ஆனால் கடிகாரம் கலோரியை அளப்பதில்லை. இதயத் துடிப்பு, கை அசைவு, வயது, எடை ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்கிறது.

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தனர். கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. அதுவும் நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற பயிற்சிகளில். பளு தூக்கும்போது மூச்சை அடக்குவதால் துடிப்பு எகிறும். அந்த அளவுக்கு ஒக்சிசன் செலவு உயர்வதில்லை. எனவே கணக்கு இன்னும் பிசகும்.

எளிய கணக்கொன்று உண்டு. மிதமான பயிற்சிக்கு 3.5, கடும் பயிற்சிக்கு 6. இதை உடல் எடையாலும் மணித்தியாலத்தாலும் பெருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் அரை மணித்தியாலம் மிதமாகச் செய்தால் 105 கலோரி. ஏறத்தாழ 80 கிராம் சோறு.

போரில் உடல் உறுப்பை இழந்தவர்களுக்கு இதுவும் அப்படியே பொருந்தாது. முழங்காலுக்கு மேல் செயற்கைக்கால் பொருத்தியவர் நடக்கக் கூடுதல் சக்தி செலவிடுகிறார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் காற்தசைகள் மெலிவதால், ஓய்வில் செலவாகும் சக்தி குறைகிறது.

ஆகவே தூக்கிய எடையையும் தடவைகளையும் கொப்பியில் எழுதுங்கள். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் துணையின்றி மாற முடிந்தால், அதுவே உண்மையான முன்னேற்றம். இன்சுலின் போடுபவர்கள் கடிகாரத்தை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்காமல் வைத்தியரைக் கேளுங்கள்.