வானம் எல்லோருக்கும் – 9: நிழல் மறையும் நண்பகல்

திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊரான பரளச்சியில் நேராக நட்ட கம்புக்கு ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் நிழல் தெரியாது. முதல் நாள் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும். அடுத்தது ஆகஸ்டு 28-ஐ ஒட்டி வரும். கடிகாரம் 12 காட்டும்போது சூரியன் அங்கே உச்சிக்கு வருவதில்லை, ஏறத்தாழ 12.17-க்குத்தான் வருகிறது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பரளச்சி அதற்கு நாலேகால் பாகை மேற்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் உச்சிவேளை தள்ளிப்போகிறது.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதுதான் நிழல் மறைவதற்குக் காரணம். மார்ச் 21 வாக்கில் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் சூரியன், ஜூன் 21 வாக்கில் கடகரேகைக்கு நேர் மேலே போய்ச் சேர்கிறது. ஏப்ரல் மாதத்தில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கி.மீ. வடக்கே நகர்கிறது. அதனால் நிழலில்லா நாள் கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கிலும், பரளச்சிக்கு 14 வாக்கிலும், மதுரைக்கு 16 வாக்கிலும், சென்னைக்கு 24 வாக்கிலும் வருகிறது. கடகரேகைக்கு வடக்கே உள்ள டெல்லிக்கு இந்த நாள் கிடையவே கிடையாது. இந்த ஒன்றில் தலைநகரத்தைவிடக் கரிசல் காட்டுக் குழந்தைகள் கொடுத்துவைத்தவர்கள்.

இதை நேரில் பார்க்க ஒரு மீட்டர் நீளக் கம்பியும், அது சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டும் போதும். காலை 11.45 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சுண்ணாம்பால் குறித்துவர வேண்டும். நிழல் குறுகி, கம்பியின் அடிக்குள் ஒடுங்கி, மறுபுறம் நீளத் தொடங்கும். மற்ற நாட்களில் இதே கம்பியின் மிகக் குறுகிய நிழல் துல்லியமான வடக்கு–தெற்குத் திசையைக் காட்டும்.

இந்த நிழலைக்கொண்டு பூமியையே அளந்துவிடலாம். பரளச்சியில் நிழல் மறையும் அதே நாளில், சென்னைப் பள்ளி ஒன்று தன் உச்சிவேளையில் ஒரு மீட்டர் கம்பியின் நிழலை அளந்தால் ஏறத்தாழ 6.5 செ.மீ. இருக்கும். அதாவது அங்கே சூரியன் 3.7 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே தெற்கு–வடக்கான தொலைவு சுமார் 410 கி.மீ. முழு வட்டத்தின் 360 பாகைக்குக் கணக்கிட்டால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. என்று வருகிறது. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்ததும் இதே கணக்குத்தான். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் ஓர் எண்ணை ஒன்பதாம் வகுப்பு மாணவி தன் கையால் கண்டுபிடிப்பதைவிடச் சிறந்த வானியல் பாடம் இருக்க முடியாது.

வானியலை ஊர்மக்களின் மொழியில் சொல்லும் முயற்சி தமிழ்நாட்டில் பழையது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடப்பதை விளக்கி உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். அது இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது. ஆனாலும் 1980 பிப்ரவரி 16 கிரகணத்தின்போது நாட்டின் பல ஊர்களில் மக்கள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். அதே ஆண்டில் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், பின்னர் அதன் ‘துளிர்’ இதழும் அந்த அச்சத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கி வேலை செய்தன. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் மக்கள் மைதானத்தில் கூடி, சூரியக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். உரைகளைவிட அந்தக் கண்ணாடி சாதித்தது அதிகம்.

பெரிய கோளரங்கத்துக்குப் போவதென்றால் பரளச்சியிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ பயணம் செய்ய வேண்டும். 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் வானாய்வகமும் எளிதில் எட்டாத தூரம். ஆனால் பெருநகர வெளிச்சம் படாத வானம் வாசலிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே அதற்கு நல்ல காலம். தன் பிறந்த நட்சத்திரத்தின் பெயர் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் அரிது. அதை வானில் அடையாளம் காட்டத் தெரிந்தவரும் அரிது. மாசி மாத முன்னிரவில் மங்கலான சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதன் அருகே செம்மஞ்சளாக ஒளிர்வது ரோகிணி. இன்னும் கிழக்கே சிவந்து நிற்பது திருவாதிரை. திருவாதிரையைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் அது பூமியின் சுற்றுப்பாதையையும் விழுங்கிவிடும். ஜாதகத்தில் எழுத்தாக இருக்கும் பெயரிலிருந்து தொடங்கினால் பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே வானியல் கற்கலாம்.

விண்வெளித் துறையும் இப்பகுதியை நெருங்கிவிட்டது. மதுரையை அடுத்த திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி மாணவிகள், நாடு முழுவதும் 75 பள்ளிகளின் 750 மாணவிகள் பங்குபெற்ற ‘ஆசாதிசாட்’ செயற்கைக்கோள் பணியில் இடம்பெற்றார்கள். 2022 ஆகஸ்டு 7 அன்று ஏவிய சிறிய ராக்கெட் சரியான சுற்றுப்பாதையை எட்டாததால் அந்தச் செயற்கைக்கோள் கைவிட்டுப்போனது. 2023 பிப்ரவரி 10 அன்று ‘ஆசாதிசாட்-2’ வெற்றிகரமாகப் பாதையில் சேர்ந்தது. தோல்வியை மறைக்காமல், அடுத்த முயற்சி எப்படி நடந்தது என்பதையும் பள்ளிகளில் சொல்ல வேண்டும். பரளச்சிக்குத் தெற்கே சுமார் 110 கி.மீ. தொலைவில், குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சமாகும்.

2031 மே 21 அன்று வளைய சூரிய கிரகணத்தின் பாதை தென்கேரளத்திலிருந்து தென்தமிழகத்தைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் அந்தப் பாதைக்குள் வருகிறது. வளைய கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைவதில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. தரச்சான்று பெற்ற சூரியக் கண்ணாடிகளை ஊராட்சிகளும் பள்ளிகளும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அன்று ஒரு பிள்ளையையும் வீட்டுக்குள் பூட்டி வைக்கக் கூடாது.