என்ஜின் ஆயிலில் எது சிக்கனம்?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள் கோயில் சாலையும் சந்திக்கிற ஒரகடத்தில், 2010இல் ரெனோ–நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது முதலாக, பாரத்பென்ஸ் லாரிகளும் ராயல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள்களும் அப்பல்லோ டயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி, தேச தேசாந்தரங்களுக்கு அனுப்பப்பட்டு வருகின்றன. அந்த ஆலைகளில் ஷிப்ட் பார்க்கும் இளைஞர்கள் பலர், குடும்பத்தின் சௌகரியத்தை உத்தேசித்து, வாரண்டி முடிந்த பழைய க்விட்டையோ சான்ட்ரோவையோ வாங்கிவிட்டு, முதல் சர்வீஸுக்காக மெக்கானிக் ஷெட்டில் நிற்கும்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கையிலிருக்கும் பணத்துக்கு எந்த ஆயில் ஊற்றுவது?

விலை உயர்ந்ததே நல்லது என்பாரும், பழைய என்ஜினுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்பாரும் அங்கே உண்டு. வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. பதிலோ அதில்தான் இருக்கிறது.

கேனின் மேல் 5டபிள்யூ-30 என்று அச்சிட்டிருப்பதில் முதற்பகுதி குளிரில் எண்ணெய் ஓடும் தன்மையையும், பிற்பகுதி நூறு டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் அதற்குள்ள பிசுப்பையும் குறிக்கின்றன. 20டபிள்யூ வகையைக் குளிர்ப் பரீட்சை செய்வதே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில் என்னும்போது, மார்கழி விடியலிலும் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் பிரதேசத்தில் மெல்லிய எண்ணெய் எதற்கு என்று தோன்றுவது இயல்பே. ஆனால் காலையில் சாவியைத் திருப்பியவுடன் என்ஜினின் மேல்தளம்வரை விரைந்து ஏறிப் பரவுவது மெல்லிய எண்ணெய்தான். இக்காலத்து என்ஜின்களின் பேரிங் இடைவெளிகளும் அதற்கென்றே நிர்ணயிக்கப்பட்டவை. வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டாலும், கூலண்டும் தெர்மோஸ்டாட்டும் என்ஜினின் உஷ்ணத்தை ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருப்பதால், ‘நம்முடையது சூடான ஊர், கெட்டியாக ஊற்று’ என்ற வாதத்தில் பாதி நியாயமே உண்டு. கையேடே மாற்று கிரேடு ஒன்றை அனுமதித்திருந்தால் அதைத் தாராளமாக ஊற்றலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஏபிஐ தர எழுத்து. பெட்ரோல் வண்டிகளுக்கு 2010இல் எஸ்என் தரமும், 2020இல் எஸ்பி தரமும் வந்தன. புதியது பழையதற்கும் பொருந்தும். மேக்னைட் போன்ற சிறு டர்போ என்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் அகாலத்தில் பற்றிக்கொள்ளும் தொல்லையைத் தடுப்பதற்கான பரீட்சையும் எஸ்பி தரத்தில் அடங்கியிருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது: சாம்பல் குறைந்த ஆயிலை விட்டு வேறொன்றை ஊற்றினால், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி நாளடைவில் அடைபட்டு, மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்குப் பதிலாகப் பல ஆயிரங்கள் செலவாகும்.

கிரேடும் தர எழுத்தும் பொருந்திவிட்டால், பிராண்டின் பெயருக்காக அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் மணலியில் தோன்றி இன்று சென்னை பெட்ரோலியமாக விளங்கும் ஆலை, ஆயிலுக்கு மூலமான அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கிறது. அதில் சேர்க்கும் ரசாயனங்களைச் செய்கிற ஆலையும் மணலியிலேயே இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களின் சர்வோ, மேக், எச்பி ஆயில்களில் உரிய தரமுள்ளதை பெட்ரோல் பங்கிலேயே வாங்கலாம். டிரம்மிலிருந்து அளந்து கொடுக்கும் லூஸ் ஆயில் மட்டும் வேண்டாம். அதன் பூர்வோத்தரம் யாருக்கும் தெரியாது.

மிச்சம் பிடிக்கிற பணத்தைக் காலத்தோடு மாற்றுவதில் செலவிடுங்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்ற வழக்கமான கெடு, சீராக ஓடும் வண்டிக்கு உரியது. கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் இடையே ஷிப்ட் நேரத்தில் ஊர்ந்து, புழுதி குடித்து, ஐந்து கிலோமீட்டரில் நின்றுவிடுகிற கார், கையேடு ‘கடின உபயோகம்’ என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. குறுகிய ஓட்டத்தில் எண்ணெய் நன்கு சூடேறாமல், அதில் கலந்த ஈரமும் பெட்ரோலும் வெளியேறாமல் தங்கிவிடுகின்றன. ஆகையால் ஃபுல்லி சிந்தடிக் ஊற்றிவிட்டோம் என்று கெடு தாண்டி ஓட்டுவதைவிட, கையேடு அனுமதிக்கும் செமி சிந்தடிக்கை ஃபில்டரோடு சேர்த்து முன்னதாகவே மாற்றுவது எத்தனையோ மேல்.

மாதம் இருமுறையாவது, சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் சென்றபின், டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெயின் விளிம்பு இரு குறிகளுக்கு நடுவே நின்றால் போதும். மேற்குறியைத் தாண்டினால் கிராங்க் கடைந்து நுரைத்துவிடும். நிறம் கறுத்ததற்காகக் கவலைப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொண்டிருப்பதன் அடையாளமே அது, டீசலில் சில நாளிலேயே கறுத்துவிடும்.

மாற்றும்போது கூட நின்று, சீல் உடையாத கேனை உங்கள் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள். போலிச் சரக்கு அடைப்போர் தேடுவது காலிக் கேனைத்தான் என்பதால், ஊற்றி முடிந்ததும் அதைக் கத்தியால் கீறிவிடுங்கள். வடித்த பழைய எண்ணெய், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. ஷெட்டின் பின்புறம் மண்ணில் ஊற்றாமல், அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குச் சேர்கிறதா என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.